போர் முடிந்தது, ஊர் மாறவில்லை: காட்டுமன்னார்கோயில் இளையபெருமாளும் ராணுவத்திலிருந்து திரும்பிய நம் முன்னோர்களும்

காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு குடியிருப்பில் கல்லூரி மாணவர்களோடு வாசிப்பு வட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். அம்பேத்கரின் இளமைக்காலம் பற்றிப் பேச்சு வந்தது. அவருடைய தந்தை ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர் என்று சொன்னதும், பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கை தூக்கினார்.

"எங்க தாத்தாவோட அப்பாவும் மிலிட்டரிதாங்க்கா. வெள்ளக்காரன் காலத்துல சண்டைக்குப் போயிட்டு வந்தவரு. ஸ்டோர்ல சாமான் கணக்கு பாத்தாராம். அப்படிப்பட்டவரு ஊருக்குத் திரும்பி வந்து ஏன் களத்துல நெல்லு மூட்ட தூக்கினாரு? அவரு ஏன் ஒரு கம்பெனியில மேனேஜரா ஆகல?"

அன்று எங்களிடம் முழுமையான பதில் இல்லை. படித்துவிட்டு வந்து சொல்கிறோம் என்றோம். இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கான பதில். அவரைப் போலவே வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய டிஸ்சார்ஜ் சான்றிதழோ, நிறம் போன ஒரு பதக்கமோ வைத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமான பதிலும்தான்.

கேள்வி நியாயமானது. உலகம் முழுவதும் இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய எத்தனையோ பேர் நிறுவனங்களில் மேலாளர்களானார்கள். ராணுவம் ஆட்களை நடத்தக் கற்றுக்கொடுக்கிறது. சரக்கைக் கணக்கில் வைக்கவும், குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்குப் பொருளைக் கொண்டுசேர்க்கவும் கற்றுக்கொடுக்கிறது. ஒரு தொழில் நிறுவனத்தின் மேலாளருக்கு வேறென்ன தெரிந்திருக்க வேண்டும்? இங்கும் அதிகாரிகளாக இருந்து வெளியே வந்தவர்கள் தேயிலைத் தோட்டங்களிலும் வெள்ளையர் கம்பெனிகளிலும் போய் உட்கார்ந்தார்கள். நம் ஆட்கள் மட்டும் ஏன் சேரிக்கே திரும்பினார்கள்?

சுபேதாரின் பிள்ளைகளும் மாட்டு வண்டியும்

அம்பேத்கரின் வீட்டிலிருந்தே தொடங்கலாம். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் வழக்கப்படி சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும் கல்வி கிடைத்தது. மகர் சமூகத்தின் முதல் தலைமுறைப் படிப்பாளிகள் பலர் அந்தப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். ஓய்வுபெற்ற பிறகு ராம்ஜி, சதாரா மாவட்டம் கோரேகாவில் காசாளராக வேலை பார்த்தார். ராணுவத்தில் இருந்தவர் கணக்குப் பெட்டிக்குப் பொறுப்பாளராக ஆகிவிட்டார். நம் தம்பி கேட்ட வாழ்க்கைக்கு இது மிகவும் பக்கத்தில் வருகிறது.

ஆனால் 1901-இல் என்ன நடந்தது? கோடை விடுமுறையில் தந்தையைப் பார்க்கப் பிள்ளைகள் ரயிலேறிப் போனார்கள். மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். நல்ல உடை உடுத்தியிருந்ததால் நிலைய அதிகாரி அவர்களைப் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துப் பரிவாகப் பேசினார். மகர்கள் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. இரட்டிப்புக் கூலி தருகிறோம் என்றும் வண்டிக்காரர்கள் யாரும் வரவில்லை. கடைசியில் ஒருவர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

ராம்ஜிக்குப் பதவி இருந்தது, சம்பளம் இருந்தது, ஓய்வூதியமும் இருந்தது. பிள்ளைகளுக்கு நல்ல உடையும் ரயில் டிக்கெட்டும் வாங்கிக்கொடுக்க முடிந்தது. ஒரு குவளைத் தண்ணீரை வாங்கிக்கொடுக்க முடியவில்லை. தனி ஒருவரின் வேலை உயர்வு எதை மாற்றும், எதை மாற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

அந்த வேலை உயர்வுக்கான கதவும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. கம்பெனியின் சென்னைப் படையில் தொடக்கத்திலிருந்தே நம் மக்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். பாலம் கட்டும், பாதை போடும் சாப்பர் பிரிவில் 'தம்பிகள்' என்ற பெயரே அவர்களுக்கு நிலைத்தது. 1857-க்குப் பிறகு, குறிப்பாக 1880-களில் தளபதி ராபர்ட்ஸ் காலத்தில், 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்ற கோட்பாடு தலையெடுத்தது. தெற்கத்தியர்களும் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் சண்டைக்கு லாயக்கில்லை என்று வெள்ளை அதிகாரிகள் எழுதினார்கள். மகர்களுக்கு ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. சென்னைக் காலாட்படை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைக்கப்பட்டு, முதல் உலகப்போருக்குப் பிறகு இல்லாமலே போனது. ஊர்ச் சாதியம் சொன்னதையே பேரரசு தன் மொழியில் எழுதிக்கொண்டது.

கதவு திறந்த நான்கு ஆண்டுகள்

பிறகு ஹிட்லரும் ஜப்பானும் வந்தார்கள். ஆள் தேவைப்பட்டது. தேவை வந்ததும் 'போர்க்குணம்' பற்றிய கோட்பாடு காணாமல் போனது. 1941-இல் மகர் ரெஜிமெண்ட் உருவானது. அதற்காக அம்பேத்கர் விடாமல் வாதாடினார். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது. 1943-இல் சமார் ரெஜிமெண்ட் உருவாக்கப்பட்டது. 1939-இல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம், போர் முடியும்போது 25 லட்சத்தைத் தொட்டது. சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கிப் பிரிவுகளில் மட்டும் இருக்கவில்லை. லாரி ஓட்டினார்கள், பாலம் போட்டார்கள், மருத்துவப் பிரிவில் இருந்தார்கள், கிடங்குகளில் கணக்கு வைத்தார்கள். அந்தத் தம்பியின் கொள்ளுத்தாத்தா அப்படிப் போனவர்களில் ஒருவர்.

1945-இல் போர் முடிந்தது. 1946-இல் சமார் ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது. லட்சக்கணக்கானோர் டிஸ்சார்ஜ் ஆகி ஊர் திரும்பினார்கள்.

இந்த இடத்தில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிவு செய்ய ஓடுகிறோமே, அந்த வேலைவாய்ப்பு அலுவலகம் எதற்காகத் தொடங்கப்பட்டது தெரியுமா? போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடிக்கொடுப்பதற்காக, 1945-இல். அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை அந்தத் துறை அவரிடம் இருந்தது. பின்னர், 1948-இல், அந்த அலுவலகங்கள் எல்லோருக்குமாகத் திறக்கப்பட்டன. நாம் வரிசையில் நிற்கும் அந்த அலுவலகத்தின் முதல் வரிசையில் நின்றவர்கள் நம் கொள்ளுத்தாத்தாக்களின் தலைமுறைதான்.

அப்படியானால் ஏன் மேலாளர் ஆகவில்லை? எங்கள் வாசிப்பிலிருந்து மூன்று காரணங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, மேலாளர் வேலை வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வழியாக வருவதில்லை. அது கல்லூரிப் படிப்பு, ஆங்கிலம், தெரிந்தவர் சிபாரிசு, உறவு, சாதி என்ற வழியில் வருவது. கடையும் ஆலையும் யாருடைய சாதிக்குச் சொந்தமோ, கல்லாப்பெட்டியும் அந்தச் சாதியின் மடியில்தான் இருந்தது. மூட்டை தூக்க நம்மை அழைத்தவர்கள் பேரேட்டைத் தொட நம்மை அழைக்கவில்லை.

இரண்டாவது, சொந்தமாகத் தொழில் தொடங்கப் பிணையாக வைக்க நிலம் வேண்டும். காட்டுமன்னார்கோயில் வீராணம் ஏரிப் பாசனத்தில் விளையும் பூமி. சோழர் காலத்து ஏரி, முப்போகம் பேசிய நஞ்சை. அந்த நஞ்சையில் உழைத்தவர்கள் சேரியில் இருந்தார்கள், பட்டா ஊரில் இருந்தது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் மீட்கப் போராடிக்கொண்டிருப்பது அதைத்தான். காகிதத்தில் நம்முடையதாக இருந்த அந்த நிலத்தில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. நிலம் இல்லாதவருக்குக் கடன் இல்லை. கடன் இல்லாதவருக்குக் கடை இல்லை.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ராணுவச் சீருடையோடு வந்தவர் ஊர் எல்லையில் என்னவாகப் பார்க்கப்பட்டார்? காலில் பூட்சோடும் நிமிர்ந்த முதுகோடும் வந்தவரைப் பார்த்து ஊர் பெருமைப்படவில்லை, எரிச்சல்பட்டது. அவரைப் பழைய இடத்துக்குத் தள்ளுவதில்தான் ஊருக்கு அக்கறை இருந்தது. இழவுக்குப் பறையடி, செத்த மாட்டைத் தூக்கு, களத்தில் நில் என்றது.

பலர் தலைகுனிந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை, வயிறு அப்படிப்பட்டது. சிலர் மறுத்தார்கள். அப்படி மறுத்தவர்களில் ஒருவர் இதே காட்டுமன்னார்கோயில்காரர்.

பானையை உடைத்த பையன்

எல். இளையபெருமாள் 1924 ஜூன் 26 அன்று காட்டுமன்னார்கோயிலில் பிறந்தார். அவர் படித்த பள்ளியில் தலித் மாணவர்களுக்குக் குடிநீர்ப் பானை தனியாக இருந்தது. அந்தப் பானையை அவர் உடைத்தார். புதிய பானை வைத்தார்கள், அதையும் உடைத்தார். கடைசியில் தனிப் பானை முறையே அந்தப் பள்ளியில் ஒழிந்தது. இதைச் சிறுவனின் குறும்பு என்று படிக்காதீர்கள். மசூர் நிலையத்தில் அம்பேத்கருக்குக் கிடைக்காத அதே தண்ணீர்தான் இங்கும் கேள்வி. அங்கே தாகத்தோடு போன ஒரு சிறுவனின் மனதில் பதிந்தது, இங்கே இன்னொரு சிறுவனின் கையில் கல்லாக வந்தது.

போரின் இறுதிக்கட்டத்தில் இளையபெருமாள் ராணுவத்தில் சேர்ந்தார். நீண்ட காலம் அங்கே இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பினார். வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருக்கும் வாழ்க்கையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. தென்னாற்காடு மாவட்டச் சேரிகளில் மக்களைத் திரட்டினார். பறையடிப்பது, செத்த மாடு தூக்குவது, இழவு சொல்லப் போவது என்று சாதியின் பெயரால் கட்டாயமாகச் சுமத்தப்பட்ட வேலைகளைச் செய்ய மாட்டோம் என்று மறுக்கும் போராட்டங்களை நடத்தினார். ஒரு கிராமம் அப்படி மறுத்தால் அடுத்த நாள் என்ன நடக்கும் என்பதைக் களத்தில் வேலை செய்யும் நாம் அறிவோம். கூலி நிற்கும், கடையில் சாமான் தர மாட்டார்கள், வரப்பில் நடக்க விட மாட்டார்கள். அதைத் தாங்கிக்கொண்டுதான் அந்த மக்கள் மறுத்தார்கள்.

1952-இல் முதல் பொதுத்தேர்தல். அப்போது சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் உண்டு, ஒன்று பொது, மற்றது தனி. கடலூர் தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் இளையபெருமாள் மக்களவைக்குப் போனார். வயது 27. அடுத்து 1957-இல் சிதம்பரம், 1962-இல் திருக்கோவிலூர் என்று 15 ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்தார்.

ஒரு நாட்டின் கணக்கைத் தணிக்கை செய்தவர்

அவருடைய வாழ்க்கையில் நாம் அதிகம் நிற்க வேண்டிய இடம் இதுதான். 1965-இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. தீண்டாமை மற்றும் பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி வளர்ச்சி பற்றி ஆராயும் குழு. அதன் தலைவர் இளையபெருமாள். குழு 1969-இல் அறிக்கை கொடுத்தது. இன்றுவரை அது 'இளையபெருமாள் கமிட்டி' என்றே அழைக்கப்படுகிறது.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். தீண்டாமை, பொருளாதாரம், கல்வி மூன்றும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. தீண்டாமை என்பது மனம் சம்பந்தப்பட்டது, மனம் திருந்தினால் போய்விடும் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. டீக்கடைக் குவளையையும் பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் ஒரே பேரேட்டில் எழுதினால்தான் கணக்கு சரியாக வரும் என்பதை அந்தக் குழுவின் வேலை காட்டியது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் காகிதத்தில் இருந்தது. தண்டனையோ பெயரளவில் இருந்தது. நாட்டின் பல மாநிலங்களுக்கும் சென்று விசாரித்த குழு, சட்டம் வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் கிணறும் கோயிலும் கடையும் நமக்கு மூடியே இருப்பதைப் பதிவு செய்தது.

அறிக்கை வந்த நேரத்தையும் நினைவில் வையுங்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழத்தஞ்சையில், வெண்மணியில், 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அரைப்படி நெல் கூலி உயர்வைக் கேட்டதும் சங்கத்தில் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். அந்தச் சாம்பல் ஆறுவதற்கு முன்பே வந்த அறிக்கை இது.

அறிக்கையின் பலன் என்ன? இரண்டைச் சொல்கிறோம்.

ஒன்று, சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்று குழு சொன்னது. 1976-இல் பழைய சட்டம் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரும் மாறியது. நாம் இன்று கையில் எடுக்கும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு முந்தைய படி அது.

இரண்டு, கோயில்களில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் கலைஞர் அரசு 1970 டிசம்பரில் கொண்டுவந்த அறநிலையத்துறைச் சட்டத் திருத்தத்தின் பின்னால் பெரியாரின் நெடுநாள் கோரிக்கை இருந்தது. இந்தக் குழுவின் பரிந்துரையும் இருந்தது. 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்றது. ஆனால் ஆகமத்தைக் காரணம் காட்டி வாசலைச் சாத்தி வைத்தது. 2006-இல் மீண்டும் முயற்சி நடந்தது, பயிற்சிப் பள்ளிகள் திறந்தன. 2021 ஆகஸ்ட் 14 அன்று பல சாதிகளையும் சேர்ந்த பயிற்சி பெற்றவர்கள் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள். காட்டுமன்னார்கோயில் பள்ளியில் உடைந்த பானையிலிருந்து கருவறை வாசல் வரை ஒரு நேர்கோடு இருக்கிறது.

இளையபெருமாள் பின்னர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானார். 1980-இல் எழும்பூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். பிற்காலத்தில் காங்கிரசை விட்டு வெளியேறி இந்திய மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார். 2005-இல் மறைந்தார். காங்கிரசுக்குள் இருந்த அத்தனை ஆண்டுகளில் அவர் விட்டுக்கொடுத்தவை என்ன, பெற்றவை என்ன என்று நம் இயக்கங்களுக்குள் விவாதம் உண்டு. அந்த விவாதம் தேவைதான். ஆனால் அந்த அறிக்கையைப் படிக்காமல் அந்த விவாதத்துக்குப் போகாதீர்கள்.

அதே ஆண்டு பிறந்த இன்னொருவர்

இளையபெருமாள் பிறந்த அதே 1924-இல், அக்டோபர் 9 அன்று, முதுகுளத்தூர் பக்கம் செல்லூரில் பிறந்தவர் இம்மானுவேல் சேகரன். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர். 1945-இல் ராணுவத்தில் சேர்ந்து ஹவில்தார் ஆனவர். ராணுவத்தில் நிலையான சம்பளம் இருந்தது. அதை விட்டுவிட்டு வந்து 1950-களில் முகவை மண்ணில் தேவேந்திரகுல வேளாளர் மக்களைத் திரட்டினார். இரட்டைக் குவளைக்கு எதிராக நின்றார். 1957 செப்டம்பர் 10 அன்று கலெக்டர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 33 வயதுகூட நிறையவில்லை. 2010-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

ராணுவத்தில் இருந்த இருவர் ஊருக்குத் திரும்பினார்கள். இருவரும் பழைய இடத்தில் நிற்க மறுத்தார்கள். ஒருவர் நாடாளுமன்றம் போனார். மற்றவர் உயிரைக் கொடுத்தார்.

மிசிசிப்பியில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட்

தம்பி கேட்டது தொழில் நிறுவனத்தைப் பற்றி. அதற்குப் பதில் சொல்லக் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1925 ஜூலை 2 அன்று பிறந்தவர் மெட்கர் எவர்ஸ். கருப்பினத்தவர். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் பணியாற்றினார். 1946-இல் ஊருக்குத் திரும்பி, அண்ணனோடும் நண்பர்களோடும் ஓட்டுப்போடப் போனார். ஆயுதத்தோடு நின்ற வெள்ளையர்கள் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

போரிலிருந்து வந்தவர்களுக்குப் படிப்பு, வீட்டுக்கடன், தொழில்கடன் கொடுக்க அமெரிக்க அரசு 1944-இல் பெரிய சட்டம் ஒன்றைப் போட்டிருந்தது. லட்சக்கணக்கானோர் அதன் வழியாகக் கல்லூரிக்குப் போனார்கள், வீடு வாங்கினார்கள், தொழில் தொடங்கினார்கள். ஆனால் சட்டத்தை அமல்படுத்தியது உள்ளூர் வெள்ளையரின் வங்கிகளும் அலுவலகங்களும். 1947-இல் மிசிசிப்பி நகரங்களில் எடுத்த கணக்கில், அரசு உத்தரவாதத்தோடு கொடுத்த 3,229 கடன்களில் கருப்பினத்தவருக்குப் போனவை வெறும் 2. சட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் பொதுவானவராக இல்லை. நம் ஊர் வங்கியில் கடன் மனுவோடு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மெட்கர் எவர்ஸ் கல்லூரியில் வணிக நிர்வாகம் படித்தார். 1952-இல் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தார். கவனியுங்கள், அது கருப்பின மருத்துவர் டி.ஆர்.எம். ஹோவர்ட் நடத்திய கம்பெனி. அது இயங்கிய மவுண்ட் பயூ நகரமும் விடுதலையான அடிமைகள் 1887-இல் உருவாக்கிய நகரம். பாலிசி விற்கப் பருத்திக்காட்டுக் குடிசைகளுக்குப் போன எவர்ஸ், குத்தகைக் கூலிகளின் வாழ்க்கையை நேரில் பார்த்தார். கழிப்பறையைப் பயன்படுத்த விடாத பெட்ரோல் பங்க்கில் பெட்ரோல் போடாதீர்கள் என்று ஹோவர்டும் அவரும் பிரச்சாரம் செய்தார்கள். நம் இரட்டைக் குவளை எதிர்ப்பின் அண்ணன் தம்பி அது. 1954-இல் முழுநேர உரிமைப் போராளியானார். 1963 ஜூன் 12 அன்று வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எவர்ஸின் கதையில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெட்ரோல் பங்க்கைப் புறக்கணிக்கச் சொன்ன ஊழியரை எந்த வெள்ளை முதலாளியும் மறுநாளே வேலையை விட்டு நீக்கியிருப்பார். எவர்ஸை நீக்கவில்லை, ஏனென்றால் முதலாளியே அந்தப் போராட்டத்தில் இருந்தார். சமூகத்துக்குச் சொந்தமாக ஒரு நிறுவனம் இருந்ததால் போராடுபவருக்குச் சம்பளம் நிற்கவில்லை. காட்டுமன்னார்கோயிலில் பறையடிக்க மறுத்தவருக்கு மறுநாள் கூலி நின்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது

ஆகவே தம்பி, உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குத் திறமை இல்லாமல் போகவில்லை. பர்மா காடானாலும் பாலைவனமானாலும் ஆயிரம் பேருக்கு அரிசி, மாவு, எண்ணெய் கணக்குத் தப்பாமல் போய்ச் சேரக் காரணமாக இருந்த கிடங்குக்காரர்களில் அவரும் ஒருவர். அவரை மேலாளராக உட்கார வைக்க ஒரு நாற்காலி இந்த ஊரில் இல்லை. நாற்காலிகள் எல்லாம் முன்பே பங்கு பிரிக்கப்பட்டிருந்தன. குற்றம் அவர்மேல் இல்லை. வீட்டில் யாராவது 'அவரு பொழைக்கத் தெரியாதவரு' என்று சொன்னால், இனி அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, உத்தியோகம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். ராம்ஜி சுபேதாரின் பிள்ளைகளுக்கே தண்ணீர் கிடைக்கவில்லை. அதேபோல, உரிமைப் போராட்டம் இருந்தால் தொழில் தேவையில்லை என்றும் நினைக்காதீர்கள். கூலிக்கு ஊரையே நம்பியிருக்கும் வரை நம் மறுப்புக்கு ஆயுள் குறைவு. இளையபெருமாள் குழு தன் பெயரிலேயே இரண்டையும் சேர்த்து வைத்திருந்தது.

இன்று சில கதவுகள் இருக்கின்றன. 1974-இல் தொடங்கிய தாட்கோ இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோரிடமிருந்து வாங்க வேண்டும் என்ற 2012-ஆம் ஆண்டு ஆணை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-இல் அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. இவை சலுகைகள் அல்ல, பழைய பாக்கி. திட்டம் இருக்கிறது என்பதால் கடன் கைக்கு வந்துவிடாது என்பதை மிசிசிப்பியின் 3,229-இல் 2 நமக்குச் சொல்கிறது. ஆகவே மனுப்போடுங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கணக்குக் கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் எத்தனை மனு, எத்தனை கடன் என்று எண்ணுங்கள். இளையபெருமாள் குழு நாட்டுக்குச் செய்த வேலையை நம் ஒன்றியத்துக்கு நாம் செய்யலாம்.

மூன்றாவதாக ஒரு வேண்டுகோள், இதைப் படிக்கும் எல்லோருக்கும். உங்கள் வீட்டில் பழைய தகரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் தாள், பென்ஷன் புத்தகம், பதக்கம், சீருடையில் எடுத்த படம் எது இருந்தாலும் படம் பிடித்து வையுங்கள். எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, எங்கே இருந்தார், திரும்பி வந்து என்ன வேலை செய்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அரசு ஆவணங்களில் அவர்கள் வெறும் எண்கள். ஊர் வரலாற்றில் அவர்கள் இல்லவே இல்லை. நாம் எழுதவில்லை என்றால் அடுத்த தலைமுறைப் பிள்ளை ஒன்று இதே கேள்வியைக் கேட்கும், பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் அடுத்த வகுப்பில் அந்தத் தம்பியிடம் சொன்னோம். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பெட்டி அத்தை வீட்டுலதாங்க்கா இருக்கு, ஞாயித்துக்கிழமை போயி எடுத்துட்டு வரேன்" என்றார்.

நாங்கள் காத்திருக்கிறோம்.

ஜெய் பீம்!